அறுநூற்றுப் பன்னிரண்டு

வரலாறு எழுதுகிறார்களாம்,
வாணியம்பாடியிலிருந்து வாராவாரம் வந்த
உருதுப் பத்திரிகைக்கு.
என்னையும் கேட்டார்கள்.
அதில் ஓர் எழுத்துகூட எனக்குத் தெரியாது.
நான் மடித்தவள்.

பெயர் ஆப்ஜூ. ஓடை என்று அர்த்தம்,
இனாயத்துல்லா சாகிப் முதல் நாளே சொன்னார்.
நமக்குக் கடைசிப் பக்கம் எதுவோ
அதுதான் அதற்கு முதல் பக்கம்
என்று சொல்ல மறந்துவிட்டார்.
ஒரு வாரம் முழுதும் தலைகீழாக மடித்து அனுப்பினேன்.
பேரணாம்பட்டிலிருந்து திட்டி ஒரு கார்டு வந்தது.

வியாழன் மத்தியானம் கட்டு வரும்.
மைதா கிண்டுவேன்,
எலி தின்னாமலிருக்க மயில்துத்தம் ஒரு சிட்டிகை.
ஆம்பூர் நூற்றிருபது, மேல்விஷாரம் எழுபது,
பெரியமேட்டுக்குத் தனிச் சாக்கு,
பினாங்குக்கு நான்கு,
கராச்சிக்கு மூன்று.
எழுபத்தொன்றில் கராச்சி மூன்றும்
முத்திரை மேல் முத்திரை வாங்கித் திரும்பின.
அந்த விலாசங்களை அடிக்கப் போனேன்.
"இருக்கட்டும் சாராள்" என்றார் சாகிப்.
பதினெட்டு வருஷம் இருந்தன.

படிக்காவிட்டால் என்ன, பார்க்கத் தெரியும்.
கறுப்புக் கட்டம் மௌத்து.
பூப்போட்ட கட்டம் கல்யாணம்.
எழுபத்தைந்தில் ஒரு பத்தி வெள்ளையாகவே வந்தது.
மை தீர்ந்துபோச்சா என்றேன்.
காதிப் குத்தூஸ் சிரித்தார்,
சாகிப் சிரிக்கவில்லை.
கீழ்ப்பாதி எப்போதும் தோல் ஷாப்புக்காரர்களுக்கு:
ஆட்டுத்தலைப் படம், மாட்டுத்தலைப் படம்.
அந்தத் தலைகள்தான் எங்களுக்குச் சம்பளம் கொடுத்தன.

எண்பத்து மூன்று, ஆடி மாதம்.
எங்கள் புதுக்குட்டைக் கிணற்றில்
தண்ணீர் டீ நிறத்தில் ஊறியது.
சோறு வடித்தால் கசந்தது.
ஒரு சொம்பு மொண்டு, முந்தானையால் மூடி,
பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து
சாகிப் மேசைமேல் வைத்தேன்.
கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.
மோந்து பார்த்தார்.
"எழுதுகிறேன்."

எழுதினார். விரல் வைத்துக் காட்டினார்:
இரண்டாம் பக்கம், தீப்பெட்டி அளவு.
அந்த வாரம் பசையைக் கெட்டியாகத் தடவினேன்,
வழியில் ஒன்றும் பிரிந்துவிடக் கூடாதென்று.

அடுத்த வியாழன் கட்டு இளைத்து வந்தது.
எட்டுப் பக்கம் நாலாகியிருந்தது,
தலை ஒன்றையும் காணோம்.

அதற்கடுத்த வாரம்
முதல் பக்கத்தில், வலது மேல் மூலையில்,
இரட்டைக் கோட்டுக் கட்டம்.
கறுப்புமில்லை, பூவுமில்லை.
யாருக்கோ பட்டம் கொடுத்திருக்கிறார்கள்
என்று நினைத்துக்கொண்டேன்.
அறுநூற்றுப் பன்னிரண்டு மடித்தேன்,
ஒட்டினேன், தபாலாபீஸில் சேர்த்தேன்.
தலைகள் திரும்பி வந்தன.
கிறிஸ்துமஸுக்குப் பத்து ரூபாய் கூடக் கொடுத்தார்.

போன மாதம் இந்தப் பெண் நூருன்னிசா,
வரலாறு எழுதுகிறவள்,
பைண்டு செய்த தொகுப்பைப் புரட்டிக்கொண்டே வந்து
அந்தக் கட்டத்தில் நின்றாள்.
தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னாள்:
"புதுக்குட்டைக் கிணறு பற்றிய செய்தி
படிப்பறிவில்லாத ஒருத்தியின் பேச்சை நம்பி வெளியானது.
தண்ணீர் நன்றாகவே உள்ளது. வருந்துகிறோம்."

எட்டாவது பாஸ் நான்.
அதைத்தான் முதலில் சொன்னேன், பார்.
அத்தனை வருஷம் கழித்து, அந்தக் கிணற்றை விட்டுவிட்டு,
எட்டாவது பாஸ் என்றேன்.

இன்னொரு முறை வாசி என்றேன்.
பக்கத்து ஓரத்தில் பென்சிலில் 612.
அனுப்பிய கணக்கு. என் கையெழுத்து.

வடாற்காட்டை இரண்டாகப் பிரித்த வருஷம்
சாகிப் போனார்.
கடைசி இதழின் கறுப்புக் கட்டம் அவருடையது.
அதையும் நான்தான் மடித்தேன்,
அழுதுகொண்டே மடித்தேன்,
அதையும் எழுதிக்கொள் என்றேன்.

இதைச் சேர்க்கலாமா என்று கேட்கிறாள்.
சேர். தீப்பெட்டி அளவில் வந்ததையும் சேர்,
அதுவும் அவர் எழுதியதுதான்.
அவர் பெயரைப் போடு. என் பெயரையும் போடு.

சொம்பை மட்டும் நான் திருப்பிக் கேட்கவே இல்லை.
பத்திரிகை நிற்கும்வரை
குத்தூஸ் அதில்தான் நாணல் பேனா கழுவினார்.